எனக்கு ஒத்துக்கொள்ளாத ஊசி

ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள். "இன்னாக்கா ஆச்சு, ஆளே பாதியாயிட்ட?" கிட்னியில் கிருமி என்பேன். உடனே நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லி எனக்குப் புத்தி சொல்லிவிட்டு, அளவு ஜாக்கெட்டை வைக்க மறந்துவிட்டுப் போய்விடுவார்கள். ஆளாளுக்குச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் ஒரே தரமாக எழுதிவிடுகிறேன். இதில் மருந்து உண்டு, பயம் உண்டு, அதைவிட அதிகமாகப் பொறாமை உண்டு. என் தங்கை வனிதாவைக் கண்டால் எனக்கு வயிறெரியும். இன்று நேற்றல்ல, அவள் பிறந்த நாளிலிருந்து. அதை விட்டுவிட்டு இந்த நோயைச் சொன்னால் பாதிதான் சொன்னதாகும்.

திண்டிவனத்தில் எனக்குச் சின்னத் தையல் கடை. ஆடி முடிந்து முகூர்த்தம் ஆரம்பித்தால் மெஷினை விட்டு எழுந்திருக்க மாட்டேன். கடையில் கழிப்பறை கிடையாது. பஸ் ஸ்டாண்டு வரை போகவேண்டும். அதற்குச் சோம்பி தண்ணீரே குடிக்காமல் தைப்பேன். நீர்க்கடுப்பு வந்தது. மோர் குடித்தேன். கொஞ்சம் அடங்கி, பிறகு ஒரு நாள் பட்டன் வைத்துக்கொண்டிருக்கும்போது பல் கிட்டித்துக் குளிர் எடுத்தது. வலது விலாவுக்குக் கீழே முதுகில் யாரோ முழங்காலை வைத்து அழுத்துவதுபோல வலி. இங்கே கொடுத்த மாத்திரையெல்லாம் வாந்தியில் போய்விட்டது. என் வீட்டுக்காரர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். அன்று வேறு யாரையும் ஏற்றாமல் என்னை மட்டும் விழுப்புரத்துக்கு ஓட்டிக்கொண்டு போனார். கல்யாணமானதிலிருந்து அந்த ஆட்டோவில் பின்சீட்டு முழுவதும் எனக்கே கிடைத்தது அன்றைக்குத்தான்.

விழுப்புரம் என்றதும் எனக்குக் காய்ச்சலை விடப் பெரிய பேஜாரு வேறு. வனிதா இருப்பது அங்கேதான். அம்மா இருப்பதும் வனிதாவோடுதான், வீட்டை எழுதிவைத்திருப்பதும் அவள் பேருக்குத்தான்.

ஆஸ்பத்திரியில் சேர்க்கும் இடத்தில் நர்ஸ் வழக்கமான கேள்வி கேட்டாள். எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா? அந்தக் கேள்விக்காகவே பிறந்தவள் நான். நடுக்கத்திலும் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னேன். "பென்சிலின் ஆகாதுங்க. சின்ன வயசுல ஊசி போட்டு ஒடம்பெல்லாம் தடிச்சு, ஒதடு வீங்கி, மூச்சு அடைச்சிக்கிச்சு. பொழச்சதே பெருசு." என் மணிக்கட்டில் சிவப்புப் பட்டை ஒன்றைக் கட்டினாள். மற்ற நோயாளிகளுக்கெல்லாம் வெள்ளைப் பட்டை. வலியிலும் அதைப் பார்த்து எனக்கு ஒரு திருப்தி வந்தது என்றால் நம்புவீர்களா? வந்தது.

அந்தக் கதை இதுதான். பிரம்மதேசத்துப் பக்கம் எங்கள் ஊர். எனக்கும் வனிதாவுக்கும் ஒரே சமயத்தில் தொண்டையில் சீழ் பிடித்து, திண்டிவனத்தில் ஒரு டாக்டர் இரண்டு பேருக்கும் பென்சிலின் ஊசி போட்டார். வீடு வந்து சேர்ந்த பிறகு உடம்பெல்லாம் தடித்துவிட்டது. மறுநாள் டாக்டர் பார்த்துவிட்டு, இரண்டு பெண்களுக்கும் இனி இந்த ஊசி கூடாது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார். எனக்கு அப்போது ஆறு வயது இருக்கலாம். அன்று அம்மா என்னை இடுப்பிலிருந்து இறக்காமல் வைத்துக்கொண்டது ஞாபகம் இருக்கிறது. வனிதா பிறந்த பிறகு அந்த இடுப்பு எனக்குக் கிடைத்தது அந்த ஒரு நாள்தான். அதனால் அந்தக் கதையை நான் விட்டதே இல்லை. சொல்லச் சொல்லக் கொஞ்சம் வளர்ந்தும் விட்டது.

ஸ்கேனில் வலது கிட்னி வீங்கியிருப்பது தெரிந்தது. கிருமி சிறுநீரோடு நிற்காமல் ரத்தத்திலும் கலந்துவிட்டது என்றார்கள். இரண்டையும் எடுத்துக் கல்ச்சருக்கு அனுப்பினார்கள். கல்ச்சர் என்றால் ஒன்றுமில்லை. கிருமியை ஒரு தட்டில் வளர்த்து, ஒவ்வொரு மருந்தையும் அதன் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். எந்த மருந்தைச் சுற்றிக் கிருமி சாகிறதோ அது கேட்கும். எதற்கும் அசையாமல் வளர்ந்தால் அது கேட்காது. இதற்குச் சில நாள் ஆகும், கிருமியை அவசரப்படுத்த முடியாது. அதுவரை, என் சிவப்புப் பட்டையைப் பார்த்து, பென்சிலின் வகையறாவே இல்லாத வேறு ஊசிகளை ஏற்றினார்கள். காய்ச்சல் மாலையானால் ஏறும். குளிரில் கட்டில் ஆடும். இரத்த அழுத்தம் இறங்குகிறது என்று அடிக்கடி வந்து பார்த்தார்கள்.

பக்கத்துக் கட்டிலில் செஞ்சியிலிருந்து கலா என்று ஒரு காலேஜ் பெண். அவளுக்கும் கிட்னியில் கிருமிதான். எனக்குப் பிறகு வந்தவள். சாதாரண ஊசியிலேயே காய்ச்சல் விட்டு, எழுந்து உட்கார்ந்து போனில் சிரித்துக்கொண்டிருந்தாள். கிருமியில் கூட நல்ல குணமுள்ள கிருமி அவளுக்கு, அடங்காப்பிடாரி எனக்கு. அவள் வெள்ளைப் பட்டையோடு வீட்டுக்குப் போனபோது, "சீக்கிரம் வந்துடுங்க அக்கா" என்றாள். எனக்குப் பதில் சொல்லப் பிடிக்கவில்லை. தூங்குவதுபோலக் கண்ணை மூடிக்கொண்டேன்.

வனிதா தினம் இரண்டு வேளை வந்தாள். இட்லி, மிளகு ரசம், குழைந்த சோறு, கேப்பைக் கஞ்சி. பாத்திரமெல்லாம் பளபளவென்று இருக்கும். அவள் கட்டியிருந்த புடவைக்கு ஜாக்கெட் நான் தைத்தது. அளவு அவ்வளவு அழகாக உட்கார்ந்திருந்தது, அதற்கும் எரிச்சல் வந்தது. என் தலையை வாரிவிட்டாள், வாந்தியைத் துடைத்தாள், முகம் சுளிக்கவில்லை. நர்ஸ்கள், "உங்க தங்கச்சி மாதிரி கிடைக்க குடுத்து வெச்சிருக்கணும்" என்றார்கள். ஆளுக்கு ஒரு தரம் சொன்னார்கள். எனக்கு மட்டும் அவள் ஒரே ஒரு நாள் உப்புப் போட மறந்துவிட்டு வரமாட்டாளா என்று இருந்தது.

அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பாள். வாயில் ஏதோ முணுமுணுப்பு. "வர்ற அமாவாசைக்கு மலையனூர் போகணும்" என்றாள் ஒரு நாள். மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்கு அமாவாசை தவறாமல் போவது அம்மாவின் வழக்கம். எங்கள் சின்ன வயதிலிருந்து போகிறாள். வனிதாவுக்கு உடம்பு தடித்த காலத்தில் ஆரம்பித்த வேண்டுதல் என்று மட்டும் எனக்குத் தெரியும். யாருக்காக என்று நான் கேட்டதே இல்லை. கேட்டு எதற்கு, தெரிந்ததுதானே.

"நான் இப்டிக் கெடக்கறேன், உனக்கு மலையனூர்தான் முக்கியம்" என்றேன்.

அம்மா போர்வையை என் காலுக்குக் கீழே செருகிவிட்டாள்.

கல்ச்சர் வந்தது. டாக்டர் ஒரு இளம்பெண், என்னைவிடப் பத்து வயது சின்னவராக இருப்பார். பொறுமையாகப் பேசுகிறவர். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து எனக்குப் புரியும்படி சொன்னார். நான் புரிந்துகொண்டதை அப்படியே சொல்கிறேன்.

கிருமி தன் உடம்பைச் சுற்றி ஒரு சுவர் கட்டிக்கொண்டு அதற்குள் வாழ்கிறது. பென்சிலின் குடும்பத்து மருந்துகளில் நடுவே நாலு மூலை வளையம் ஒன்று இருக்கும். அது போய் அந்தச் சுவரைக் கட்டுகிற கையில் ஒட்டிக்கொள்ளும். வேலை நிற்கும். சுவர் பலவீனமானதும் கிருமி வெடித்துச் சாகும். கிருமி என்ன செய்கிறது என்றால், அந்த வளையத்தையே வெட்டிப்போடுகிற ஒரு சரக்கைத் தயாரித்துக்கொள்கிறது. என் பாஷையில் கத்தரிக்கோல். கண்ட மருந்தையும் கண்டபடி எல்லாரும் சாப்பிடச் சாப்பிட, கிருமிகளின் கத்தரிக்கோல் கூராகிக்கொண்டே போகிறது. என் கிருமியிடம் இருந்தது நல்ல கூர்.

"உங்க கிருமிக்கு கேக்கறது கார்பாபெனம்னு ஒரு வகைம்மா. அதுல மெரோபெனம்னு ஒண்ணு. இந்தக் கத்தரிக்கோலால அத வெட்ட முடியாது. ஆனா அதுவும் பென்சிலினுக்கு சொந்தக்காரன். அதான் யோசிக்கிறோம்."

"சொந்தம் இல்லாத மருந்து இல்லீங்களா?" என்று கேட்டேன்.

"அந்தக் குடும்பத்துலயே ஒண்ணு தனியா நிக்குது. மோனோபாக்டம்னு பேரு. மத்ததெல்லாம் இன்னொரு வளையத்தோட ஒட்டிக்கினு இருக்கும், இதுக்கு ஒத்த வளையந்தான். அஸ்ட்ரியோனம்னு சொல்லுவோம். பென்சிலின் ஒத்துக்காதவங்களுக்கு பெரும்பாலும் பயமில்லாம குடுக்கலாம்."

குடும்பத்தில் இருந்தும் தனியாக நிற்கிற அந்த மருந்தின் மேல் எனக்குச் சட்டென்று பாசம் வந்துவிட்டது. அதையே போடுங்கள் என்றேன். டாக்டர் தலையை ஆட்டினார். "உங்க கிருமி அத வெட்டிப்போடுது. கேக்காது."

பிறகு அவர் சொன்னதுதான் பெரிய சிக்கல். பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவர்களில் மிகச் சிலருக்குத்தான் மெரோபெனம் ஒத்துக்கொள்ளாது. சாதாரணத் தடிப்பு என்றால் யோசிக்கவே மாட்டார்கள். ஆனால் உதடு வீங்கி மூச்சடைத்தது என்று நான் சொல்லியிருக்கிறேன். ஏற்கெனவே இரத்த அழுத்தம் இறங்கிக் கிடக்கிற உடம்பில் அது திரும்ப வந்தால் ஆபத்து. இன்னொரு பழைய மருந்து இருக்கிறது, இந்தக் குடும்பத்தோடு சம்பந்தமில்லாதது, கேட்கும். ஆனால் அது கிட்னியைக் கெடுக்கக்கூடியது. என் கிட்னி ஏற்கெனவே பாதி வேலைதான் செய்துகொண்டிருந்தது. பெரிய டாக்டர் அந்தப் பழைய மருந்தின் பக்கம் சாய்ந்திருக்கிறாராம். சாயங்காலத்துக்குள் ஒன்று ஆரம்பித்தாக வேண்டும்.

"நல்லா யோசிச்சு சொல்லுங்க. மூச்சு அடைச்சது நிஜமா? உங்களுக்கே ஞாபகம் இருக்கா?"

அப்போது கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்த வனிதா குறுக்கே பேசினாள். "மேடம், எனக்குத் தெரிஞ்சு அது எனக்குத்தான் ஜாஸ்தி. எனக்குத்தான் ஒதடெல்லாம் வீங்கிச்சு. அக்காக்கு அவ்ளோ இல்ல."

எனக்கு வந்தது பாருங்கள் கோபம். குழாய் மாட்டிய கையை ஊன்றி எழுந்தேன். "உனக்கு அப்ப மூணு வயசுடி. உனக்கு இன்னா ஞாபகம் இருக்கும்? வீடு உனக்கு, அம்மா உனக்கு. எனக்கு ஒண்ணு வந்தா அதுவும் உனக்கா? எழுதிக்குங்க மேடம், மூச்சு அடைச்சது எனக்குத்தான்."

வனிதா முகம் சுருங்கிப்போயிற்று. டாக்டர் எழுதப்போனார். அந்த ஒரு வரியை அவர் எழுதியிருந்தால் என் கிட்னி என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் பயமாக இருக்கிறது. அப்போது பயம் இல்லை. அவளை ஜெயிக்க வேண்டும் என்பதுதான் இருந்தது.

அம்மா ஸ்டூலிலிருந்து எழுந்தாள். "வனிதா, நீ போயி இளநி வாங்கிக்கினு வா" என்றாள். "இப்பவாம்மா?" என்றவளை, "ஜல்தி போ" என்று அனுப்பிவிட்டு, அவள் படியிறங்கும் வரை பார்த்திருந்துவிட்டு, டாக்டர் பக்கம் திரும்பினாள்.

"டாக்டரம்மா, இவளுக்கு ஊசி ஒண்ணும் பண்ணல. சின்னவளுக்குத்தான் ஒத்துக்கல."

"எம்மா" என்றேன்.

"நீ சும்மா கெட." அம்மா என்னைப் பார்க்காமலே சொன்னாள். "சின்னவளுக்கு ஒடம்பு தடிச்சதும் அம்மதான் வாத்துடுச்சுன்னு நெனச்சிட்டேன் டாக்டரம்மா. வேப்பல பரப்பிப் படுக்க வெச்சேன். அம்ம வந்த புள்ளய அதட்டக்கூடாது, தாயேன்னுதான் கூப்புடணும். அப்டியே கூப்புட்டுக்கினு கூழு ஊத்திக்கினு இருந்தேன். இவ பாத்தா. எனக்கும் வந்துக்கிதும்மான்னா. இல்லடின்னேன். நேரா கொல்லைக்குப் போயி காஞ்சொறிச் செடியில உழுந்து பொரண்டா."

காஞ்சொறி தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வேலியோரம் கொடியாகப் படரும். இலை பட்டால் போதும், அந்த இடம் தடித்துச் சிவந்து அரித்துப் பிடுங்கும்.

"நீங்க பாத்தீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"நாந்தான் போயி தூக்கினேன். மேலெல்லாம் செவசெவன்னு. அந்நேரம் இவங்கப்பா வந்துட்டாரு. அவரு கைநீட்டற மனுசன். அம்ம வந்ததா பொய் சொன்னான்னு தெரிஞ்சா தோல உரிச்சிடுவாரு. அதான் எறக்கி வுடாம இடுப்புலயே வெச்சிக்கினு, இவளுக்கும் வந்துடுச்சுன்னு சொல்லிட்டேன். மறுநாளு டாக்டரு கேட்டப்பவும் அதையே சொன்னேன். மூச்சும் அடைக்கல, ஒண்ணும் அடைக்கல. அழுது தேம்பிக்கினு இருந்தா, அவ்ளோதான்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். எனக்கு அரித்தது உண்மை. உடம்பெல்லாம் எரிந்தது உண்மை. செடி ஞாபகமே இல்லை, இடுப்பு மட்டும்தான் ஞாபகம். இன்றைக்கும் அதுதான் ஞாபகம்.

"இத ஏம்மா இத்தினி வருசமா சொல்லல?" என்று கேட்டேன்.

"யாருகிட்ட சொல்றது? அம்மன் பேர்ல பொய் சொல்லிட்ட. கொழந்த தெரியாம சொல்லிச்சு, மன்னிச்சுக்கோ தாயேன்னு அமாவாசைக்கு அமாவாசை போயி நானே கேட்டுக்கினு இருக்கேன். நான் மலையனூர் போறது யாருக்குன்னு நெனச்ச?"

அம்மா டாக்டரிடம் குரலைத் தாழ்த்தி, "சின்னவளுக்கு இது தெரியாது டாக்டரம்மா. தெரிய வேணாம்" என்றாள்.

டாக்டர் பெரிய டாக்டருக்குப் போன் செய்தார். கொஞ்ச நேரத்தில் மெரோபெனம் வந்தது. சின்னக் குப்பியில் வெள்ளைப் பொடி. முதலில் துளி அளவு ஏற்றிவிட்டு, அவசரத்துக்கு வேண்டியதையெல்லாம் பக்கத்தில் வைத்துக்கொண்டு டாக்டரே நின்றார். வலிப்பு வந்ததுண்டா, வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறேனா என்று கேட்டார். இந்த மருந்து அபூர்வமாக வலிப்பைக் கிளப்பலாமாம், சில வலிப்பு மாத்திரைகளின் வேலையையும் கெடுத்துவிடுமாம். அதெல்லாம் இல்லை என்றேன். அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தடிப்பு இல்லை, அரிப்பு இல்லை. டாக்டர் கத்தரிக்கோலால் என் சிவப்புப் பட்டையை வெட்டிவிட்டு வெள்ளையைக் கட்டினார். நகையைக் கழற்றிக் கொடுத்தது போல இருந்தது எனக்கு.

அதன்பின் எட்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் அந்த மருந்து. ஒவ்வொரு தரமும் மெதுவாக, மூன்று மணி நேரம் இழுத்து ஏற்றினார்கள். ஏன் இப்படி இழுக்கிறீர்கள் என்று கேட்டேன். இந்த வகை மருந்துக்கு ஒரே அடியாக நிறையக் கொடுப்பதைவிட, இரத்தத்தில் ஒரு அளவுக்குக் குறையாமல் அதிக நேரம் நிற்பதுதான் முக்கியமாம். கிட்னிதான் அதை வெளியே தள்ளுகிறது, அதுவும் வெகு சீக்கிரம். என் கிட்னி சோர்ந்து கிடந்ததால் அளவைக் குறைத்துக் கொடுத்து, இரத்தம் பார்த்துப் பார்த்துக் கூட்டினார்கள். மாத்திரையாக விழுங்கினால் வயிறு ஏற்காது, நரம்பு வழியாகத்தான் போகவேண்டும். நரம்பு ஒவ்வொன்றாக வீங்கி, குத்த இடம் தேடினார்கள். வயிற்றுப்போக்கும் வந்தது. நல்ல கிருமிகளையும் சேர்த்துக் கொல்வதால் அப்படி. வீட்டுக்காரர் கீழே மருந்துக்கடைக்குப் போய்விட்டு வரும்போதெல்லாம் பேச்சில்லாமல் வருவார். பில்லை என்னிடம் காட்டவே இல்லை. பிறகு ஒரு சாயங்காலம் குளிர் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. எனக்குப் பசித்தது. வனிதாவின் ரசம் நன்றாகத்தான் இருந்தது, சொல்லவில்லை.

"அக்காக்கு அலர்ஜி இல்லன்றாங்களேம்மா, எப்டி?" என்று அவள் கேட்டாள்.

"வயசு ஏற ஏற அது போயிடுமாம்" என்றாள் அம்மா. நிஜமாகவே பலருக்குப் போய்விடும் என்று டாக்டரும் சொன்னார். அவர் அதைச் சொன்னபோது அம்மா என்னைப் பார்த்தாள். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வனிதா நுழைய முடியாத ஒரு பார்வை அது. தப்பாக நினைத்தாலும் நினைத்துக்கொள்ளுங்கள், காய்ச்சல் விட்டதைவிட எனக்கு அதுதான் சுகமாக இருந்தது.

மிச்ச நாளுக்கு எர்டாபெனம் என்று அதே வகையில் இன்னொன்றை எழுதிக் கொடுத்தார்கள். அது இரத்தத்தில் அதிக நேரம் நிற்கும். ஒரு நாளைக்கு ஒரு தரம் போதும், திண்டிவனத்திலேயே ஒரு கிளினிக்கில் ஏற்றிக்கொள்ளலாம். வீட்டுக்கு வந்த அன்று அமாவாசை. அம்மா மலையனூருக்குப் பஸ் ஏறிவிட்டாள். வீட்டுக்காரர் ஆட்டோவை வாசலில் போட்டுவிட்டு வெளியே நிற்க, வனிதாதான் என்னோடு கிளினிக்குக்கு உள்ளே வந்தாள்.

அங்கேயும் நர்ஸ் கேட்டாள். "எதுனா மருந்து ஒத்துக்காதாக்கா?"

வாய் தானாகத் திறந்தது. பழக்கம். மூடிக்கொண்டேன். "எனக்கு இல்லம்மா. இதோ நிக்கறா பாரு, எந்தங்கச்சி, இவளுக்குத்தான் பென்சிலின் ஆகாது. ஒதடெல்லாம் வீங்கி மூச்சடைச்சிடும். இவளுக்கு எதுனான்னா பாத்து பண்ணுங்க."

வனிதா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். மருந்து சொட்ட ஆரம்பித்ததும் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கவா? நான் நெறமாசமா வலியோட இருந்தப்ப கூட, அமாவாசைன்னுட்டு அம்மா என்ன வுட்டுட்டு மலையனூர் போயிடுச்சு. யாருக்கும்மா வேண்டிக்கினு போறேன்னு கேட்டா, பெரியவளுக்குன்னு சொல்லும். ஏன்னு கேட்டா சொல்லாது. கூடவே வெச்சிக் காப்பாத்தறது நானு, வேண்டுதல் பூரா உனக்கு. எத்தினி நாளு அழுதிருக்கேன் தெரியுமா? ஏன்க்கா அது? உனக்குத் தெரியுமா?"

அவள் கண் கலங்கியிருந்தது. அப்படி ஒரு முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். சொல்லிவிடலாம் என்று ஒரு நிமிடம் தோன்றியது. சொன்னால் சிரித்திருப்பாள், காஞ்சொறிச் செடியை நினைத்து இரண்டு பேருமே சிரித்திருப்போம்.

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "தெரியலடி" என்றேன்.

வீடும் அவளுக்குத்தான், அம்மாவும் அவளுக்குத்தான். இது ஒன்று என்னிடம் இருக்கட்டும்.